ரெண்டு விரலுக்கு ஒரு பிளசர்

போன மாதம் சின்னசேலம் கூட்டு ரோட்டில் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். எதிரே ஒரு புதுக் கார் வந்து ஓரங்கட்டியது. முன்மூடியைத் தூக்கியதும் குபுகுபுவென்று ஆவி. ஓட்டி வந்தவர் கைப்பேசியை எடுத்துக் கம்பெனிக்குப் பேச ஆரம்பித்தார். எனக்குக் கையும் சும்மா இருக்காது, வாயும் சும்மா இருக்காது. ரோட்டைக் கடந்து போய், "தம்பி, மஞ்சத்தூளு வாங்கியாரட்டுமா?" என்று கேட்டேன். அவர் போனைக் கையால் பொத்திக்கொண்டு, "பூஜையெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம் பெரியவரே, வண்டி ஹீட்டாயிடுச்சு" என்றார்.

தப்பு அவர்மேல் இல்லை. ரேடியேட்டர் ஒழுகினால் ஒரு பிடி மஞ்சள்தூளைக் கரைத்து ஊற்ற வேண்டும், அது உள்ளே போய் ஊறிப் பொத்தலை அடைக்கும் என்று நடுரோட்டில் ஒரு கிழவன் வந்து சொன்னால் நான்கூட நம்பமாட்டேன். பஸ் வந்தது, ஏறிவிட்டேன். ஆனால் அந்த ஆவியில் மஞ்சள் வாடை இல்லாதது உப்பில்லாத குழம்பு மாதிரி மனசில் உறுத்திக்கொண்டே வந்தது. கள்ளக்குறிச்சி வருகிறவரை மூக்கில் பழைய வாடைதான். மஞ்சள், மண்ணெண்ணெய், சூடேறிய இரும்பு, எலிப்புழுக்கை. எங்கள் பிளசரின் வாடை.

பிளசர் என்றால் இப்போது யாருக்கும் தெரிவதில்லை. எங்கள் பக்கத்தில் அப்போது கார் என்றால் பஸ். காலைக் காரு, மத்தியானக் காரு, கடைசிக் காரு. நாலு பேர் உட்கார்ந்து போகிற நிஜக் காருக்குப் பிளசர் என்று பெயர். உல்லாசம் என்று அர்த்தமாம், ரொம்ப நாள் கழித்து ஒரு வாத்தியார் சொன்னார். ஏழாவது வகுப்பு நடுவில் பள்ளிக்கூடத்தை விட்டு ஓடியவனுக்கு அது எப்படித் தெரியும்? தெரிந்திருந்தால் அந்த வண்டிக்கு அப்படிப் பெயர் சொல்ல வாய் வந்திருக்காது.

அந்த வண்டி எங்களுக்கு வந்த கதை இது. என் அக்கா அஞ்சலையின் வீட்டுக்காரர் முனுசாமி, எனக்கு மாமா, தச்சு வேலை தெரிந்தவர். எங்கள் ஊர் கள்ளக்குறிச்சியிலேயே ஒரு மர அறுவை மில்லில் வேலை பார்த்தார். ஒரு நாள் வட்ட ரம்பம் அவருடைய வலது கையில் சுண்டு விரலையும் மோதிர விரலையும் எடுத்துக்கொண்டது. ஆறின பிறகு வேலைக்குப் போனார். உளியைப் பிடிக்க முடிந்தது, அழுத்த முடியவில்லை. இழைப்புளியைத் தள்ளினால் அது தன் இஷ்டத்துக்குக் கோணிக்கொண்டு போனது. பத்து நாள் பார்த்துவிட்டு அவரே நின்றுகொண்டார்.

மில்லுக்காரர் கல்மனசு இல்லை. என்ன செய்வது என்று அவருக்கும் தெரியவில்லை. மில்லுக்குப் பின்னால் மரத்தூள் கொட்டுகிற இடத்தில் அவருடைய அப்பா வெள்ளைக்காரன் காலத்தில் வாங்கிய பிளசர் ஒன்று சக்கரம் வரைக்கும் தூளில் புதைந்து நின்றது. அதைக் காட்டி, "முனுசாமி, இத்த எடுத்துக்க. ஓட்டுனாலும் சரி, பேரீச்சம்பழத்துக்குப் போட்டாலும் சரி" என்றார். பழைய இரும்பை எடுத்துக்கொண்டு பேரீச்சம்பழம் கொடுக்கிற வண்டிக்காரர்கள் அப்போது தெருத்தெருவாக வருவார்கள். அந்த வண்டியைப் போட்டிருந்தால் எங்கள் தெருவே ஒரு வாரம் பேரீச்சம்பழம் தின்றிருக்கலாம்.

ஊர் சிரித்தது. டீக்கடையில் ஒருவர், "ரெண்டு விரலுக்கு ஒரு பிளசரு. பத்து விரலும் போயிருந்தா ரயிலையே குடுத்திருப்பாரு" என்றார். மாமாவும் கூடச் சேர்ந்து சிரித்தார். அப்படிப்பட்ட மனுசன்.

சிரிக்காதவள் அக்காதான். அவளுக்கு வேறு கவலை. குடகுக் காப்பித் தோட்டத்துக்கு ஆள் பிடிக்கிற மேஸ்திரி அந்த வருஷம் எங்கள் ஏரிக்கரைத் தெருவுக்கு வந்து போயிருந்தார். ஆவணி பிறந்ததும் லாரி வரும், ஏறினால் வருஷம் பூரா வேலை. காப்பிப் பழம் பறிக்க மூன்று விரல் போதும். அக்கா தன் பேரையும் மாமா பேரையும் சொல்லி வைத்துவிட்டாள். அவர்களுக்கு லட்சுமி என்று ஒரே மகள். நாலாவது படித்துக்கொண்டிருந்தாள். தோட்டத்துக்குப் போனால் அவளும் கூடத்தான் போக வேண்டும். படிப்பு அதோடு சரி.

அந்தச் சமயத்தில்தான் நான் ஊருக்கு வந்து சேர்ந்தேன். அப்போது எனக்கு இருபத்தாறு வயது. அதற்குள் சேலத்தில் ஓட்டலில் எச்சில் இலை எடுத்தேன், ஈரோட்டில் சாயப்பட்டறையில் கை நீலமாகி நின்றேன், நாலு வருஷம் லாரியில் கிளீனராக இருந்தேன். கடைசியாக இரண்டு வருஷம் அதே குடகில்தான் இருந்தேன். எந்த இடத்திலும் சொல்லிக்கொண்டு கிளம்பிய பழக்கம் எனக்கு இல்லை. துண்டை உதறித் தோளில் போட்டால் கிளம்பிவிட்டேன் என்று அர்த்தம்.

குடகைப் பற்றி அக்கா கேட்டாள். சொன்னேன். ஆனியில் பிடிக்கிற மழை ஐப்பசியில்தான் விடும். லயம் என்று வரிசையாகக் கட்டின கூலி வீடுகள், ஒரு அறையில் ரெண்டு குடும்பம். அட்டை கடிப்பது வலிக்காது, சாயங்காலம் வேட்டியைப் பார்த்தால்தான் தெரியும். குளிருக்குக் கோணிப்பைதான் சட்டைக்கு மேல் சட்டை. பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் மூணு மைல், ஆனால் யாரும் போவதில்லை.

"வேணாங்கா" என்றேன்.

"நீ வேணாம்னு சொல்லிடுவ. அடுப்பு அத்தக் கேட்டுக்குமா?" என்றாள்.

"பிளசர ஓட வெச்சிடலாம்."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "நீ எத்த முடிச்சிருக்கற இது வரைக்கும்? ஏழாவது முடிச்சியா?"

மாமாதான் பேசினார். மலை ரோடு போட்டு அப்போது கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. கச்சிராயபாளையம் தாண்டி வெள்ளிமலைக்கு நாளைக்கு ஒரு தரம் காரு போகும், அதாவது பஸ். மழை பெய்தால் அதுவும் கிடையாது. கடுக்காய், புளி, தேன், பலா, பிரசவத்துக்கு வருகிற பெண்கள் எல்லாம் தலையிலும் தூளியிலும்தான் இறங்கின. மலை ஏறுகிற எந்த வண்டிக்கும் அங்கே வேலை இருந்தது. "கீழ ஓட்டுனா எவன் ஏறுவான்? மல ஏறுனா நமக்கு சோறு" என்றார் மாமா.

அக்கா யோசித்துவிட்டுச் சொன்னாள். "சரி. ஆவணிக்குள்ள அது மல ஏறிடுச்சின்னா நான் குடகுக்குப் போவல. ஏறலன்னா அண்ணந்தம்பி அக்காதங்கச்சின்னு யாரும் வாயத் தொறக்கக் கூடாது."

அப்போது சித்திரை பாதி.

வண்டி எங்கள் வீட்டுக்கு வந்த ஊர்வலத்தைச் சொல்லாமல் விட முடியாது. டயர்களில் காற்று நிற்கவில்லை, வைக்கோல் திணித்தோம். இரவல் வாங்கிய இரண்டு மாடுகளைப் பூட்டி இழுத்தோம். உள்ளே ஸ்டீரிங்கைப் பிடித்துக்கொண்டு மாமா ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தார். கடைத்தெருவில் எல்லாரும் வேலையை விட்டுவிட்டு வெளியே வந்தார்கள். "இன்னா முனுசாமி, பிளசரு புல்லு திங்குதா?" என்று ஒருவர் கேட்டார். "திங்குது. சாணிதான் இன்னும் போடல" என்றார் மாமா. மணிக்கூண்டு இல்லாத ஊரில் அன்றைக்கு எங்களால் எல்லாருக்கும் மத்தியானச் சாப்பாடு தாமதமானது.

வீட்டுக்குப் பின்னால் மாட்டுக்கொட்டகை ஒன்று காலியாகக் கிடந்தது. மாடுகளை விற்று ரெண்டு வருஷம் ஆகியிருந்தது. அதுதான் எங்கள் பட்டறை. முளைக்குச்சியைப் பிடுங்கிவிட்டு, கழுநீர்த் தொட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் சாமான்களைப் பரப்பினோம். முதல் நாள் சீட்டைக் கிழித்தபோது உள்ளே எலிக்கூடு நாலு, ஒரு முழுப் பாம்புச் சட்டை. அக்கா தூர நின்று பார்த்துவிட்டு, "வண்டிக்காரன் சட்டையக் கழட்டி வெச்சிட்டுதான் போயிருக்கறான்" என்றாள். வண்டி எந்தக் கம்பெனி என்றுகூட எங்களுக்குத் தெரியாது. மூக்கில் இருந்த பித்தளை வில்லையை யாரோ எப்போதோ பெயர்த்துக்கொண்டு போயிருந்தார்கள்.

துருப்பிடித்த கதவுத் தகரத்தைப் பிரித்தபோதுதான் அந்த அதிசயம். தகரத்துக்கு உள்ளே பூராவும் மரம். கதவுச் சட்டம், கூரைச் சட்டம், சீட்டுக்கு அடியில் தாங்கு, எல்லாம் மரத்தில் துளை பொளித்து, கூர்வைத்து, ஒன்றுக்குள் ஒன்றாக மாட்டியிருந்தார்கள். மேலே தகரத்தைப் போர்த்தி ஆணி அடித்திருந்தார்கள், அவ்வளவுதான். மாமா குனிந்து விரலால் தட்டிப் பார்த்தார். பாதி மக்கிப்போயிருந்தது. நிமிர்ந்தபோது அவர் முகம் வேறு மாதிரி இருந்தது.

"டேய், இது பிளசரு இல்லடா. கட்டிலுடா" என்றார்.

அன்றிலிருந்து அவர் நொண்டிக் கை தச்சர் இல்லை. பழைய சைக்கிள் டியூபை நாடாவாகக் கிழித்து, உளியின் பிடியை உள்ளங்கையோடு வைத்துக் கட்டச் சொன்னார். விரல் செய்ய வேண்டிய வேலையை மணிக்கட்டு செய்தது. மில்லில் கழித்துப் போட்ட பூவரசு துண்டுகளைக் கூடையில் கொண்டு வந்தோம். அவர் கோடு போடுவார், நான் அறுப்பேன், அவர் பொளிப்பார். நான் அறுத்தது கோணினால், "லாரியில இருந்த கை, ஊரச் சுத்திக்கினுதான் போவும்" என்பார். வைகாசி முடிவதற்குள் வண்டியின் எலும்பெல்லாம் புதுசாகிவிட்டது. தச்சர் செய்த வேலை என்பதால் கதவுகள் மூடும்போது பீரோ மாதிரிச் சத்தம் கேட்டது.

இன்ஜின் என் பங்கு. கிளீனர் என்றால் சும்மா துடைக்கிறவன் என்று நினைக்காதீர்கள். எத்தனையோ தடவை வழியில் படுத்துக் கிடந்த லாரிக்கு அடியில் நானும் படுத்திருக்கிறேன். எல்லாவற்றையும் பிரித்து மண்ணெண்ணெயில் ஊறப்போட்டேன். கரியை மூங்கில் சிம்பால் சுரண்டினேன். கிணற்று ஆயில் இன்ஜினுக்குப் போடுகிற ரிங்குகளை அரத்தால் ராவி இதற்குப் பொருத்தினேன். வால்வுகளுக்குச் சாணை பிடிக்கிற எமரிப் பொடியும் எண்ணெயும் தடவி, ஒரு குச்சியில் மாட்டி, இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து மோர் கடைகிற மாதிரி நாள் பூராவும் திருகினேன். லட்சுமி பள்ளிக்கூடம் விட்டு வந்து, "வெண்ண வந்துச்சா மாமா?" என்று கேட்டுவிட்டு ஓடுவாள்.

எல்லாம் மாட்டியாயிற்று. ஒன்று மட்டும் எனக்குத் தெரியாது. நான் பார்த்ததெல்லாம் டீசல் லாரி. டீசலுக்குத் தீப்பொறி வேண்டாம், அழுத்தத்திலேயே எரிந்துவிடும். இது பெட்ரோல் வண்டி. இதில் இரண்டு சின்ன உலோகப் பொட்டுகள் முத்தமிட்டு முத்தமிட்டுப் பிரிய வேண்டும், பிரிகிற நேரத்தில் பொறி பிறக்கும். பாயின்ட்டு என்பார்கள். எவ்வளவு பிரிய வேண்டும் என்பதில்தான் சூட்சுமம். சின்னசேலம் ஸ்டேஷன் பக்கத்தில் வாடகைப் பிளசர்களைப் பார்க்கிற மெக்கானிக் ஒருவர் இருந்தார். நானும் மாமாவும் போனோம். அவர் டீ குடித்துக்கொண்டே, எங்களைப் பார்க்காமலே சொன்னார். "பாயின்ட்டு கேப்பு ஒரு நூல் வெச்சிக்கங்க. கூடவும் கூடாது, கொறையவும் கூடாது. ஒரு நூலு."

"அவ்ளோதானா?" என்றார் மாமா.

"அவ்ளோதான்."

திரும்பி வரும்போது பஸ்ஸில் மாமாவுக்கு ஒரே சந்தோஷம். ஏனென்றால் நூல் அவருடைய சொந்த பாஷை. தச்சருக்கு ஒரு அங்குலத்துக்கு எட்டு நூல். வாசக்கால் மூணேகால் அங்குலம் ஒரு நூல் என்றால் அவர் கண்ணாலேயே சொல்லிவிடுவார். வீட்டுக்கு வந்ததும் மடக்கு ஸ்கேலை எடுத்தார், அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கை வைத்தார். சுத்தமாக ஒரு நூல். எறும்பு நுழைந்து போகலாம் போல இருந்தது. எனக்கு அது கொஞ்சம் ஜாஸ்தியாகத் தெரிந்தது. ஆனால் அளவு விஷயத்தில் தச்சரிடம் போய் வாயைத் திறக்கலாமா?

முன்பக்கத்தில் இரும்புக் கைப்பிடியை மாட்டிச் சுற்றினேன். ஒன்றுமில்லை. நூறு சுற்று சுற்றினேன். ஒரு தும்மல்கூட இல்லை.

அன்றிலிருந்து பதினெட்டு நாள். ஆடியில் பாதிக்கு மேல் அப்படித்தான் போனது. பிரித்தோம், மாட்டினோம். பெட்ரோல் குழாயை ஊதினோம். பாட்டரியைச் சார்ஜுக்குக் கொடுத்து வாங்கினோம். ஒயரை மாற்றினோம். வண்டியில் நாங்கள் சந்தேகப்படாதது அந்த ஒரு நூலை மட்டும்தான். அது மெக்கானிக் சொன்னது, மாமா வைத்தது. இரண்டு பக்கமும் நம்பிக்கையான கை. தெருவில் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். பூசணிக்காய் சுற்றினோம். வண்டியின் முகம் தெற்கே இருப்பதுதான் கோளாறு என்றார் ஒருவர், அதையும் திருப்பி நிறுத்தினோம். பதினெட்டாம் பெருக்குக்கு ஊரே கோமுகி அணைக்குக் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு போனபோது நான் கொட்டகையில் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டிருந்தேன். உள்ளங்கையில் கொப்புளம் உடைந்து, அதன்மேல் இன்னொரு கொப்புளம்.

ஒரு நாள் மேஸ்திரி வந்தார். மரியாதையான ஆள், வெள்ளை வேட்டி. கொட்டகையை எட்டிப் பார்த்தார். "இன்னாம்மா அஞ்சல, இதுல ஏறிதான் குடகுக்கு வரப்போறீங்களா? லாரியில எடம் இருக்குதே" என்றார். அக்கா அவருக்குத் தண்ணீர் கொடுத்தாள்.

எனக்குத் துண்டை உதறித் தோளில் போட வேண்டும் போல இருந்தது. உண்மையைச் சொல்கிறேன். ஒரு மத்தியானம் போட்டும்விட்டேன். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடந்தேன். திருவண்ணாமலைக் காரு நின்றுகொண்டிருந்தது. கண்டக்டர், "ஏறு, ஏறு" என்றார். "எத்த முடிச்சிருக்கற" என்று அக்கா கேட்டது காதில் கேட்டது. கடையில் கொஞ்சம் மிட்டாய் வாங்கிக்கொண்டு திரும்பி வந்துவிட்டேன். எங்கே போனாய் என்று யாரும் கேட்கவில்லை. மிட்டாயை லட்சுமியிடம் கொடுத்தேன்.

ஆடி முடிய நாலு நாள் இருந்தது. அன்றைக்குக் காலையில் அக்கா கொட்டகை வாசலில் உட்கார்ந்து பழைய சேலைகளை நாலு மடிப்பாக வைத்துப் போர்வை தைத்துக்கொண்டிருந்தாள். குடகுக் குளிருக்கு. குளிரைப் பற்றிச் சொன்னவனே நான்தான், அதனால் அந்தப் பக்கமே பார்க்காமல் வேலை செய்துகொண்டிருந்தேன். மாமா பாயின்ட்டு மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு பத்தாவது தடவையாக ஸ்கேலை வைத்தார்.

"ஒரு நூலு. கரெக்டா இருக்குது" என்றார்.

"கரெக்டா இருந்தா ஏன் எரியல?" என்றேன்.

"அத்த என்னக் கேட்டா? அந்தாளு சொன்னது ஒரு நூலு. ஒரு நூலு இருக்குது."

அக்கா தைத்த நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். பிறகு நிமிர்ந்து, "எந்த நூலு?" என்று கேட்டாள்.

"நூலுன்னா நூலுதான். எத்தினி நூலு இருக்குது?"

"இதோ, இதுவும் நூலுதான்" என்று வாயிலிருந்து ஒரு முழம் வெள்ளை நூலை எடுத்துக் காட்டினாள்.

மாமா சிரித்தார். "அடிப் பைத்தியமே, அது தைக்கிற நூலு. நான் சொல்றது அளவு நூலு."

"நீ தச்சன், ஒனக்கு அளவு நூலு. சொன்னவன் தச்சனா?"

மாமாவின் சிரிப்பு பாதியில் நின்றது. நான் அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். ஸ்கேலை மெதுவாக மடக்கிக் கீழே வைத்தார். பிறகு அவர் கையை நீட்டினார், அக்கா நூலைக் கொடுத்தாள். இரண்டு புரியாக முறுக்கினார். பொட்டுகளை நன்றாகப் பிரியும் நிலையில் நிறுத்தி, நடுவில் நூலை வைத்து, அது லேசாகப் பிடித்துப் பிடித்து வருகிற அளவுக்குத் திருகை முடுக்கினார். முன்பு எறும்பு நுழைகிற இடத்தில் இப்போது எறும்பின் மீசைகூட நுழையாது. எட்டில் ஒரு அங்குலம் பிரித்து வைத்திருந்த அந்தப் பொட்டுகள் பதினெட்டு நாளும் ஒன்றையொன்று தொடவே இல்லை. தொட்டால்தானே பிரிய? பிரிந்தால்தானே பொறி?

கைப்பிடியைப் பிடிக்கும்போது கட்டை விரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கம் வைத்துக்கொள்ள வேண்டும். சுற்றிப் பிடித்தால் இன்ஜின் திருப்பி அடிக்கும்போது மணிக்கட்டு போய்விடும். நான் வைத்துக்கொண்டு இழுத்தேன். ஒரு சுற்று. இரண்டாவது சுற்றில் கைப்பிடி என்னைத் தூக்கிப் போட்டது. பின்னால் துப்பாக்கி வெடித்த மாதிரி ஒரு சத்தம், கொட்டகைக் கூரையிலிருந்த குருவியெல்லாம் பறந்தது, அப்புறம் தடதடதடவென்று ஓட ஆரம்பித்தது. கொட்டகை பூராவும் நீலப் புகை. மாமா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் செய்த கதவு அவர் கையிலேயே நடுங்கியது. அக்கா போர்வையை ஒதுக்கி வைத்துவிட்டு எழுந்து வந்தாள். காதில் கையை வைத்துக்கொண்டு, "இது ஓடுது. மல ஏறணும், அதான் பேச்சு" என்றாள்.

மறுநாளே கிளம்பினோம். கிளீனராக இருந்தபோதே லைசென்ஸ் எடுத்திருந்தேன், அதனால் நான்தான் ஓட்டினேன். மாமா ரொம்ப நாள் கழித்துத்தான் லைசென்ஸ் எடுத்தார். அக்கா தானும் வருவேன் என்று நின்றாள். "நீங்க ரெண்டு பேரும் அணக்கட்டோட திரும்பிட்டு ஏறிட்டோம்னு சொல்லிடுவீங்க. நான் கண்ணால பாக்கணும்." லட்சுமியைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டு, வெள்ளிமலையில் சாமிக்கு என்று தேங்காய், எலுமிச்சம்பழம், ஒரு பொட்டலம் மஞ்சள்தூள் எல்லாம் கூடையில் எடுத்துக்கொண்டு பின்சீட்டில் ஏறினாள். அவளுக்கு ஒரு வேலையும் கொடுத்தோம். பிரேக்கை அவ்வளவாக நம்ப முடியாது. ஏற்றத்தில் வண்டி நின்றால் குதித்து இறங்கிச் சக்கரத்துக்குப் பின்னால் கட்டை வைக்க வேண்டும். அந்த மரக்கட்டையை மடியில் குழந்தை மாதிரி வைத்துக்கொண்டு வந்தாள்.

கச்சிராயபாளையம் வரைக்கும் பவனிதான். அணை தாண்டி ஏற்றம் ஆரம்பித்ததும் வண்டி மூச்சு வாங்கியது. மூன்றாவது வளைவில் மூக்கிலிருந்து ஆவி. அக்கா குதித்துக் கட்டை வைத்தாள். ரேடியேட்டர் கீழே சொட்டிக்கொண்டிருந்தது. லாரியில் இருந்தபோது டிரைவர் சொன்னது ஞாபகம் வந்தது. ஓடையில் தண்ணீர் மொண்டு வந்தேன், கூடையிலிருந்து மஞ்சள் பொட்டலத்தை எடுத்தேன்.

"டேய், அது சாமிக்கு" என்றாள் அக்கா.

"மேல போனாதான்கா சாமி."

கரைத்து ஊற்றினேன். சொட்டுவது கொஞ்சம் கொஞ்சமாகக் கம்மியாகி நின்றது. மறுபடி புறப்பட்டபோது வண்டியே கல்யாண வீடு மாதிரி மணந்தது.

ஆனால் பாதி மலைக்கு மேல் வண்டியால் முடியவில்லை. முதல் கியரில் போட்டாலும் செருமிச் செருமி நின்றது. அக்கா குதிப்பாள், கட்டை வைப்பாள். நாலு முறை ஆயிற்று. அவள் கட்டையைத் தூக்கிக்கொண்டு ரோட்டோரம் உட்கார்ந்துவிட்டாள். "பரவாயில்லடா. இவ்ளோ தூரம் வந்துச்சில்ல" என்றாள். அவள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அந்தப் "பரவாயில்ல" தாங்கவில்லை.

அப்போதுதான் தோன்றியது. எந்த வண்டிக்கும் இழுவை ஜாஸ்தி உள்ள கியர் ரிவர்ஸ் கியர்தான். மாமாவிடம் சொன்னேன். "பின்னாலயே ஏத்தலாம்."

"மலையிலயா?"

"மலையிலதான்."

கொஞ்சம் அகலமான இடம் பார்த்து, மூன்று பேரும் சேர்ந்து தள்ளி வண்டியைத் திருப்பி நிறுத்தினோம். பின்பக்கம் மேலே, முகம் கீழே. மாமா ரோட்டில் இறங்கி, பின்னாலேயே நடந்து கையைக் காட்டி வழி சொன்னார். "வா, வா, ஒடி, ஒடி, நேரா வா." நான் கழுத்தைத் திருகிக்கொண்டு ஓட்டினேன். வண்டி நத்தை மாதிரி, ஆனால் நிற்காமல் ஏறியது. ஒரு வளைவு, இரண்டு வளைவு. எதிரே தலையில் புளிக்கூடையோடு இறங்கி வந்த மலைப் பெண்கள் ஓரமாக ஒதுங்கி நின்று, வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு சிரித்தார்கள். அக்கா மட்டும் முன்பக்கம் பார்த்தபடி, கட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

வெள்ளிமலைச் சந்தைக்குள் நாங்கள் முதுகைக் காட்டிக்கொண்டு நுழைந்தோம். டீக்கடைக்காரர் வெளியே வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்தார். "இன்னாங்க, வரீங்களா போறீங்களா?" என்றார். "வந்துட்டோம்" என்றார் மாமா. மூச்சு வாங்கியதில் அதற்குமேல் பேச்சு வரவில்லை. டீக்கடைக்காரர் கொஞ்சம் யோசித்து, "கீழ போறப்ப ரெண்டு மூட்ட புளி ஏத்திக்கினு போவீங்களா?" என்று கேட்டார்.

நான் அக்காவைப் பார்த்தேன். "ஏறுச்சா இல்லியாக்கா?"

"முதுகு காட்டிக்கினு ஏறுச்சு" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "ஏறுனது ஏறுனதுதான்" என்றாள். கூடையை எடுத்துக்கொண்டு கோயில் பக்கம் நடந்தாள். மஞ்சள் இல்லாததால் தேங்காயை மட்டும் உடைத்தாள்.

ஆவணி பிறந்து நாலாம் நாள் லாரி வந்தது. மேஸ்திரி வீட்டு வாசலில் வந்து நின்றார். "நாங்க வரலீங்க" என்றாள் அக்கா.

"வண்டி ஓடுதாமே. முன்னாலயா, பின்னாலயா?" என்றார். சேதி அவர் வரைக்கும் போயிருந்தது.

"எப்பிடி வேணுமோ அப்பிடி" என்றாள் அக்கா.

எங்கள் தெருவிலிருந்து ஆறு குடும்பம் அன்றைக்கு ஏறிப் போனது. அதையும் சொல்லத்தான் வேண்டும். எல்லாருக்கும் பிளசர் கிடைப்பதில்லை. அக்கா தைத்த போர்வையைப் போகிறவர்களில் ஒருத்தியிடம் கொடுத்தாள்.

வண்டி பல வருஷம் மலை ஏறியது. இன்ஜின் பழகியதும் முன்பக்கமாக, சுமை ஜாஸ்தியானால் பின்பக்கமாக. மாமா ஒரு நாள்கூட அதைப் பழித்துப் பேசியதில்லை. நான் அதற்குப் பிறகும் ஊர் சுற்றினேன், பழக்கம் சும்மா போகுமா? ஆனால் சொல்லிக்கொண்டு கிளம்பினேன். லட்சுமி பத்தாவது முடித்து, நர்ஸ் படிப்பு முடித்து, மலைமேலேயே பல வருஷம் வேலை பார்த்து ஓய்வும் பெற்றுவிட்டாள். எங்கள் குடும்பத்தில் எதையாவது முடித்த முதல் ஆள் அவள்தான்.

மாமா இப்போது இல்லை. பிளசரும் இல்லை, அதன் சட்டங்களைக் கறையான் தின்ன, இரும்பு இரும்புக்காரனுக்குப் போனது. மாட்டுக்கொட்டகை இருந்த இடத்தில் லட்சுமியின் மகன் மாடி வீடு கட்டியிருக்கிறான். மலை ரோட்டில் வளைவுகளையெல்லாம் வெட்டி அகலமாக்கிவிட்டார்கள். எத்தனையோ பஸ், எத்தனையோ வேன், எல்லாம் முகத்தை மேலே வைத்துக்கொண்டு சிரமமில்லாமல் ஏறுகின்றன.

போன தை மாதம் அக்காவை பஸ்ஸில் வெள்ளிமலைக்குக் கூட்டிப் போனேன். ஜன்னல் ஓரம் உட்கார வைத்தேன். அணை தாண்டியதிலிருந்து அவள் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பின்னால் பார்த்துக்கொண்டே வந்தாள். பின்னால் ஆள் தலைகள்தான் இருந்தன.

"இன்னாக்கா பாக்கற?"

"நம்ம ஊரு தெரியுதான்னு பாத்தேன்டா" என்றாள். "அன்னிக்கி ஏறுறப்ப பூராவும் எதுருலயே தெரிஞ்சிக்கினு இருந்துச்சி. ஏரி, பனமரம், எல்லாம். அத்தப் பாத்துக்கினேதான் ஏறுனேன்."